சரந்தீப் வாளும் எண்ணெய்ச் சட்டியும்: ஓர் உழ்ஹிய்யாக் கத்தி சொல்லித்தந்த வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள் எங்கள் பகுதியில் கூட்டு உழ்ஹிய்யா நடந்தது. அறுப்பு முடிந்து இறைச்சி துண்டு போடும்போது, புதிதாக அடித்து வந்திருந்த கத்தியின் கூரில் ஒரு நகத்தளவு துண்டு தெறித்து விழுந்தது. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி. இரும்பில் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற வயதான காக்கா ஒருவர் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தண்ணியில தோய்ச்ச கத்தி தம்பி. எண்ணெயில தோய்ச்சிரிக்கணும்."

அதே வாரம் பத்தாம் தர மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியொன்றைக் காட்டினான். முஸ்லிம்கள் டமஸ்கஸ் வாள்களைச் சூடேற்றி உயிருள்ள அடிமையின் உடலில் செருகித்தான் உறுதியாக்கினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. "ஸேர், இது உண்மையா?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஆர்வத்தைவிட வெட்கம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

காக்காவின் பேச்சும் மாணவனின் கேள்வியும் வேறு வேறு என்றுதான் முதலில் நினைத்தோம். தேடிப் பார்த்தபோது இரண்டும் ஒரே கேள்வி என்று விளங்கியது. பழுக்கக் காய்ச்சிய உருக்கை எதில் தோய்க்க வேண்டும்? இதற்குப் பதில் தேடி மனிதன் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் அலைந்திருக்கிறான். அந்த அலைச்சலில் நமது தீவுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

*தண்ணீரில் இருக்கிறதா இரகசியம்?*

சிவக்கக் காய்ச்சிய கோடரியைக் கொல்லன் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும்போது எழும் இரைச்சலைக் கிரேக்கக் காவியமான ஒடிசியிலேயே ஹோமர் உவமையாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பழைய தொழில் இது. கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் போடுவது என்பார்கள்.

கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோம அறிஞர் பிளினி, தனது இயற்கை வரலாற்று நூலின் 34ஆம் பாகத்தில் இரும்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்பெயினின் பில்பிலிஸ், துரியாஸோ, இத்தாலியின் கோமோ ஆகிய ஊர்கள் தங்கள் தண்ணீரால் இரும்புக்குப் பேர் பெற்றவை என்கிறார். அந்த ஊர்களில் இரும்புச் சுரங்கம் இல்லாவிட்டாலும் தண்ணீரின் குணத்தால் பெயர் வந்தது என்பது அவர் நம்பிக்கை. அதே இடத்தில் இன்னொரு விடயத்தையும் குறித்து வைத்திருக்கிறார். சிறிய இரும்புப் பொருட்களை எண்ணெயில் தோய்ப்பது வழக்கம், தண்ணீர் அவற்றை நொறுங்கும்படி ஆக்கிவிடும் என்பதே காரணம். எங்கள் காக்கா சொன்னதும் இதுதான். அவர் பிளினியை வாசித்தவரல்ல. பட்டறையில் பார்த்துப் பழகிய அறிவு அது.

பிளினிக்குப் பின் வந்தவர்களில் பலர் எண்ணெயைப் பற்றிய அந்த வரியை விட்டுவிட்டு, தண்ணீருக்கு விசேட சக்தி உண்டு என்ற நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். திரவத்திலிருந்து ஏதோ ஒரு சத்து இரும்புக்குள் போகிறது என்றால், இன்னும் வீரியமான திரவம் இன்னும் நல்ல கத்தியைத் தரும் அல்லவா? அந்த எண்ணம் எங்கெல்லாமோ கொண்டுபோய் விட்டது.

12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற பெயரில் எழுதிய ஐரோப்பியத் துறவி, கைவினைகள் பற்றிய தன் நூலில் இரும்புக் கருவிகளை வன்மையாக்க ஒரு வழி சொல்கிறார். ஓர் ஆட்டைக் கட்டிவைத்துப் பன்னச் செடியைத் தின்னக் கொடுத்து, அதன் சிறுநீரைச் சேர்த்து அதில் தோய்க்க வேண்டும். அல்லது செம்பட்டை மயிர்ச் சிறுவனின் சிறுநீரில் தோய்க்கலாம். 1532 இல் ஜேர்மனியில் அச்சான உருக்கும் இரும்பும் பற்றிய சிறு நூலொன்றிலும் செடிச் சாறுகள், மண்புழு என்று இதே மாதிரியான குறிப்புகள் நிறைய இருக்கின்றன.

சிரிக்க வேண்டாம். இதில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. சிறுநீரில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரைவிட வேகமாக இரும்பைக் குளிரவைக்கும். ஆகவே கருவி உண்மையிலேயே நன்றாக வன்மை பெற்றிருக்கும். புகழ் மட்டும் உப்புக்குப் போகாமல் ஆட்டுக்கும் சிறுவனுக்கும் போய்விட்டது. வேலை சரியாக நடந்தும் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது என்றால் இதுதான்.

அடிமையின் உடலில் வாளைச் செருகிய கதையும் இதே நம்பிக்கையின் கிளைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கத்தையப் பத்திரிகைகளில் அது பரபரப்புச் செய்தியாக உலவியது. இன்று அதுவே வாட்ஸ்அப் வழியாக எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தக் காலத்து முஸ்லிம் அறிஞர்கள் வாள்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம்.

*அல்-கிந்தியின் பட்டியலில் நம் தீவு*

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தியைத் தத்துவஞானியாகத்தான் நமது பாடநூல்கள் சொல்கின்றன. அவர் அப்பாஸிய கலீபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். முஃதஸிம் ஹாரூன் அர்-ரஷீதின் மகன். கி.பி. 833 முதல் 842 வரை ஆட்சி செய்தவர். மந்திரம், மாயம் என்று எதுவுமில்லாத நூல் அது. சந்தையில் வாள் வாங்குகிறவனுக்கு வழிகாட்டுவது போல, எந்த ஊர் வாள் எப்படி இருக்கும், நிறம் என்ன, உருக்கின் மேல் தெரியும் நெளிகோடு எப்படி, போலியை எப்படிப் பிடிப்பது என்று வகைப்படுத்துகிறார்.

அந்தப் பட்டியலில் யெமன் வாள் இருக்கிறது, இந்திய வாள் இருக்கிறது, டமஸ்கஸ் வாள் இருக்கிறது. கூடவே சரந்தீப் வாளும் இருக்கிறது. சரந்தீப் என்றால் நமது இலங்கை. இங்கேயே அடித்த வாள்களை மட்டும் அவர் சொல்லவில்லை. இங்கிருந்து போன உருக்கைக் கொண்டு குராசான், பாரசீகம் போன்ற இடங்களில் அடித்த வாள்களையும் சரந்தீப் வாள் என்றே சொல்கிறார். சிலோன் தேயிலை என்று இன்று உலகம் சொல்வது போல, அன்று சரந்தீப் உருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது.

11ஆம் நூற்றாண்டில் அல்-பீரூனியும் இரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றிய தன் நூலில் இரும்புக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். வாளின் நடு உடலில் களிமண், சாணம், உப்பு கலந்த பூச்சைப் பூசி, விளிம்பைத் துடைத்துவிட்டுத் தோய்க்கும் முறையை அவர் விபரிக்கிறார். காரணம் விளங்குகிறதா? பூச்சு உள்ள இடம் மெதுவாகக் குளிரும், அங்கே வாள் வளைந்து கொடுக்கும். பூச்சில்லாத கூர் வேகமாகக் குளிரும், அங்கே வன்மை வரும். ஜப்பானிய வாள் கொல்லர்களும் இப்படித்தான் மண் பூசித் தோய்க்கிறார்கள். குளிரும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம் என்பது பட்டறைக்காரனின் கைக்குத் தெரிந்திருக்கிறது.

*காற்றை வேலைக்கு வைத்த மலைச்சரிவு*

அந்தச் சரந்தீப் உருக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு வலுவான பதில் 1990களில்தான் கிடைத்தது. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்குக் கிட்ட, சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பகுதியில் தொல்லியல் ஆய்வாளர் கில் ஜூலெப் அம்மையார் பழைய இரும்பு உலைகளைக் கண்டறிந்தார். அவை மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளின் விளிம்பில் வரிசையாக இருந்தன. யூன் முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் இடம் அது.

பொதுவாக உலைக்குத் துருத்தி ஊத வேண்டும். இங்கே காற்றே ஊதியது. அப்படி முடியாது என்றுதான் அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஜூலெப் அதே மாதிரி உலையைக் கட்டி, காற்றுக்காலத்தில் எரித்து, இரும்பையும் காபன் கூடிய உருக்கையும் எடுத்துக் காட்டினார். 1996 இல் நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் அது வெளியானது. அந்தக் காற்று உலைகள் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அல்-கிந்தி எழுதிய காலம் சரியாக இதன் நடுவில் விழுகிறது. இரண்டையும் ஆய்வாளர்கள் இணைத்துப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

இதில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சப்ரகமுவ மலையில் உலை எரித்தவர்கள் இந்தத் தீவின் கிராமத்து உழைப்பாளிகள். கடல் கடந்து கொண்டுபோனவர்கள் வணிகர்கள். வாளாக அடித்தவர்கள் பாரசீகத்திலும் குராசானிலும் இருந்த கொல்லர்கள். பெயரைக் காப்பாற்றி வைத்தவர் பக்தாதில் இருந்த முஸ்லிம் அறிஞர். இதில் எந்த ஒரு சமூகமும் முழுவதும் எங்களுடையது என்று கையைத் தூக்க முடியாது. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

*திரவம் என்னதான் செய்கிறது?*

இரும்புக்கும் உருக்குக்கும் உள்ள வித்தியாசம் காபன், அதாவது கரியின் சத்து, என்பதை 1786 இல் பிரான்சின் வாண்டர்மொண்ட், பெர்த்தோலே, மொஞ்ச் ஆகிய மூவரும் தெளிவுபடுத்தினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்தே நுணுக்குக்காட்டியின் கீழ் உருக்கின் உள்ளமைப்பைப் பார்த்துப் பழகினார்கள். தோய்ச்சலில் உண்டாகும் வன்மையான அமைப்புக்கு, ஜேர்மனிய ஆய்வாளர் அடொல்ப் மார்ட்டன்ஸின் நினைவாக மார்ட்டன்சைட்டு என்று 1895 இல் பெயர் வைக்கப்பட்டது.

நடப்பது இதுதான். உருக்கு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சூடாகும்போது காபன் அதற்குள் கரைந்து பரவிவிடும். மெதுவாக ஆறவிட்டால் காபன் பிரிந்து தன் இடத்துக்குப் போய்விடும், உருக்கு மென்மையாகும். சட்டென்று குளிரவைத்தால் காபனுக்குப் பிரிந்து போக நேரம் கிடைக்காது. உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் வன்மை.

ஆகவே தண்ணீரிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ, எந்த உடலிலிருந்தோ, உருக்குக்குள் ஒரு சத்தும் போவதில்லை. திரவம் செய்வது ஒரே வேலை. சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

தண்ணீர் மிக வேகமானது. ஆனால் அதற்கு இரண்டு குணக்கேடு உண்டு. காய்ந்த ரொட்டிக் கல்லில் தண்ணீர்த் துளி விழுந்தால் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் இடையில் நீராவிப் படலம் வந்துவிடுவதே காரணம். சிவந்த கத்தியைச் சுற்றியும் அதே படலம் வரும். படலம் ஓரிடத்தில் உடையும், இன்னோரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தி ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து வளையும். இரண்டாவது, 250 பாகைக்குக் கீழே உருக்கின் உள்ளமைப்பு மாறி அது சற்று விரிகிற நேரத்திலும் தண்ணீர் அதே வேகத்தில் இழுக்கும். அப்போதுதான் வெடிப்பு விழுகிறது.

எண்ணெய் ஆரம்பத்தில் போதுமான வேகத்தில் சூட்டை எடுத்து, கடைசியில் நிதானமாக எடுக்கும். கத்தி போன்ற மெல்லிய பொருளுக்கு இந்த நிதானம்தான் வேண்டும். லொறி ஸ்பிரிங் பட்டைகளில் காபனோடு குரோமியம் போன்றவையும் கலந்திருப்பது வழக்கம். அவை சேர்ந்த உருக்கு தண்ணீரின் வேகம் இல்லாமலே வன்மை பெறும். அதைத் தண்ணீரில் போடுவது தேவையில்லாத ஆபத்து. எங்கள் பெருநாள் கத்திக்கு நேர்ந்ததும் அதுதான் என்று நினைக்கிறோம்.

*எந்த எண்ணெய்?*

ஒரு காலத்தில் மேற்கு நாட்டுப் பட்டறைகளில் திமிங்கில எண்ணெய் பெயர் பெற்றிருந்தது. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயும் பாவித்தார்கள். பிறகு பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கனிய எண்ணெய்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று தொழிற்சாலைகளில் தோய்ச்சலுக்கென்றே தயாரித்த எண்ணெய் இருக்கிறது. குளிரவைக்கும் வேகத்தை அளந்து விற்கிறார்கள்.

அது கிடைக்காத இடத்தில் தாவர எண்ணெய் மோசமில்லை. தாவர எண்ணெய் இலகுவில் கொதித்து ஆவியாவதில்லை. அதனால் அந்த ஆவிப் படலத் தொல்லை மிகக் குறைவு. நாளாக நாளாகக் காற்றுப்பட்டுத் தடித்துப் பிசுபிசுக்கும் என்பதே அதன் குறை. நம்மூர்த் தேங்காயெண்ணெய் அந்த வகையில் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவில் காலையில் போத்தலைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒரு விடயம் உண்டு. எண்ணெய் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அப்படியல்ல. குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருக்கும், கத்தியைச் சுற்றி ஓடாது. 50, 60 பாகைக்குச் சூடாக்கினால் இளகி ஓடி, சூட்டை இன்னும் வேகமாக எடுக்கும்.

பழைய எஞ்சின் ஒயிலில் தோய்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். சும்மா கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. அதில் உலோகத் தூளும் எரிந்த கழிவும் இருக்கிறது. எழும் புகையைப் பட்டறையில் நிற்பவர்தான் சுவாசிக்கிறார். சாப்பாட்டுக்குப் பாவிக்கும் கத்திக்கு அது வேண்டவே வேண்டாம்.

*மாணவனுக்குச் சொன்ன பதில்*

இப்போது அந்த அடிமைக் கதைக்கு வருவோம். மிஞ்சியிருக்கும் டமஸ்கஸ் வகை வாள்களை ஆய்வாளர்கள் வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். அவற்றுட் பல கடுமையாகத் தோய்ச்சல் போடப்பட்டவையே அல்ல. காபன் மிகக் கூடிய உருக்கைக் கவனமாகத் தட்டி அடித்ததில் உள்ளே வரிசையாக அமைந்த மிக வன்மையான துகள்களே அந்த நெளிகோட்டையும் பெயரையும் தந்தன. வேகமாகத் தோய்த்தால் வெடிக்கக்கூடிய உருக்கு அது. உடலில் செருகினால் ஒரு பக்கம் நீராவி, ஒரு பக்கம் உலர்ந்து கருகல், கத்தி கோணித்தான் வெளியே வரும். பெறுமதியான உருக்கை எந்தக் கொல்லனும் அப்படி நாசமாக்க மாட்டான்.

"அப்ப பொய்தானே ஸேர்?" என்றான். முகம் மலர்ந்தது. உடனே, "அப்ப நாங்கதான் ஸேர் உலகத்துக்கு உருக்கக் கண்டுபிடிச்சுக் குடுத்த?" என்று கேட்டான்.

அங்கேதான் நாங்கள் நிதானித்தோம். அதுவும் உண்மையல்ல மகன் என்று சொன்னோம். நம்மைப் பற்றிப் பரப்பும் பொய்க்கு மருந்து, நாமே நம்மைப் பற்றிப் பரப்பும் இன்னொரு பொய் ஆகாது. ஆட்டுச் சிறுநீரை நம்பிய துறவியும், நம்மவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள் என்று பார்வர்ட் பண்ணுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். விளைவைப் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தங்களுக்குப் பிடித்த இடத்தில் வைக்கிறார்கள். அல்-கிந்தி அப்படிச் செய்யவில்லை. யெமன் வாளை யெமன் வாள் என்றார், இந்திய வாளை இந்திய வாள் என்றார், சரந்தீப் உருக்கை அதன் பெயராலேயே சொன்னார். நாம் அவரிடம் பெருமைப்பட வேண்டியது இந்த நேர்மையைத்தான்.

*இந்த வருடக் கத்தி*

அறுக்கும்போது கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனை கொடுக்காதீர்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபி (ஸல்) அவர்களின் கட்டளை. தீட்டுவது நம் கையில். தீட்டிய கூர் நிற்பது கொல்லரின் தோய்ச்சலில். ஆகவே பெருநாளுக்கு முந்திய நாள் அவசரமாக ஓடாமல், ஒரு மாதம் முந்தியே பட்டறைக்குப் போங்கள். போனால் நான்கு விடயம் கேளுங்கள்.

முதலாவது, இது என்ன இரும்பு? ஸ்பிரிங் பட்டை என்றால் எண்ணெய்.

இரண்டாவது, எவ்வளவு சூடு? காந்தம் ஒட்டாமல் போகும் கட்டத்தை, அதாவது 770 பாகையை, சற்றுத் தாண்டினால் போதும். மஞ்சளாக எரியும்வரை காய்ச்சினால் மணி தடித்து உருக்கு நொறுங்கும்.

மூன்றாவது, எண்ணெய் எவ்வளவு, எதில்? நாலு லீட்டருக்குக் குறையாமல், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் வாளி கூடவே கூடாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக் கூடாது. கத்தியைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் அமிழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் மேலே தீப்பற்றும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நான்காவது, தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டினீர்களா? தோய்த்தவுடன் கத்தி கண்ணாடி மாதிரி. ஏறத்தாழ 200 முதல் 230 பாகை வரை மீண்டும் சூடாக்கினால்தான், துலக்கிய இரும்பு வைக்கோல் மஞ்சள் நிறம் காட்டும் அந்தக் கட்டத்தில்தான், வன்மையோடு கொஞ்சம் இளக்கமும் வரும். பல கத்திகள் உடைவது இந்த ஒரு வேலையைத் தவறவிடுவதால்தான்.

இப்படிக் கேட்டால் கொல்லர் கோபிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். தன் தொழிலை ஒருவர் விளங்கிக் கேட்கிறார் என்றால் அவர் சந்தோசப்படுவார். ஆனால் நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுங்கள். எண்ணெய்க்கும் விறகுக்கும் அவருக்குச் செலவு இருக்கிறது. நாம் விலையைக் குறைக்கக் குறைக்கத்தான் அவர் தண்ணீர் வாளியைத் தேடிப் போகிறார்.

உடைந்த அந்தக் கத்தியை நாங்கள் எறியவில்லை. வகுப்பில் வைத்திருக்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் சரந்தீப் என்ற சொல் வரும்போது அதை எடுத்துக் காட்டுவோம்.

உங்கள் ஊரில் பழைய பட்டறைக்காரர்கள் இருந்தால், அவர்கள் எதில் தோய்த்தார்கள், எப்படிப் பதம் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களோடு போய்விடும் அறிவு அது. நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.